அத்தியாயம் 4: கீறுமுன் அசையுங்கள்

ஜேர்மனியின் றூர் பகுதியில் ஒரு பாடசாலையின் வாடகை அறையில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்த பிறகு ஒரு மணித்தியாலம் பிள்ளைகளுக்குப் படம் கீறப் பழக்கி வருகிறேன். தொடங்கிய முதல் ஆண்டில் ஒரு நாள், "இண்டைக்குக் கவலையைக் கீறுங்கோ" என்று சொல்லிவிட்டு மேசைகளுக்கிடையே நடந்தேன். பதினான்கு பிள்ளைகள். பதினொரு தாள்களில் ஒரே முகம்: ஒரு வட்டம், கீழே வளைந்த வாய், இரண்டு துளி கண்ணீர். கைத்தொலைபேசியில் நாம் அனுப்புகிற மஞ்சள் முகத்தின் நகல். இரண்டு தாள்களில் பிளந்த இதயம். ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி மட்டும் ஒன்றும் கீறவில்லை. பென்சிலைச் சீவியபடியே இருந்தாள். அந்தக் கிழமைதான் அவளுடைய அம்மம்மா ஊரில் காலமானார் என்பதும், கடைசி முகம் பார்க்கப் போக முடியாமல் தாய் அறைக்குள்ளேயே கிடந்தார் என்பதும் அவளைக் கூட்டிப்போக வந்த தகப்பன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

நெஞ்சு நிறையக் கவலை இருந்த பிள்ளையின் தாள் வெள்ளையாக இருந்தது. இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போவதெல்லாம் அந்தத் தாளைப் பார்த்த பிறகு கற்றுக்கொண்டவை.

பிழை என் கேள்வியில் இருந்தது. நான் ஒரு சொல்லைக் கொடுத்தேன். பிள்ளைகள் அந்தச் சொல்லுக்கு ஊரறிந்த அடையாளத்தைத் திருப்பித் தந்தார்கள். கவலை சொல்லாக வருவதற்கு முன்பே தோளில் கனமாக இறங்கிவிடுகிறது. கோபம் பல்லைக் கடிக்க வைக்கிறது. பயத்தில் வயிறு சுருங்குகிறது. இதை நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள். தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் இதற்கென்றே ஓர் இயல் இருக்கிறது: மெய்ப்பாட்டியல். மெய் என்றால் உடம்பு. சிரிப்பும் அழுகையும் வியப்பும் அச்சமும் கோபமும் மகிழ்ச்சியும் உள்ளத்தில் எழுந்து உடம்பில் தோன்றுவதுதான் மெய்ப்பாடு. இவற்றோடு இளிவரலையும் பெருமிதத்தையும் சேர்த்து எட்டாக வகுத்தார்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சிலே இன்னொரு சொல் இருக்கிறது. தமிழ்நாட்டில் படம் வரைவார்கள்; நாங்கள் படம் கீறுவோம். முள் கீறினாலும் அதே சொல், கத்தி கீறினாலும் அதே சொல். கோடு என்பது ஒரு பரப்பில் உடம்பு விட்டுச்செல்லும் தடம் என்பதை அந்தச் சொல் மறக்கவில்லை.

ஆகவே நீங்கள் ஆசிரியரோ, பெற்றோரோ, முதியோர் ஒன்றுகூடலில் ஏதாவது செய்து பார்க்க விரும்புகிறவரோ, யாராக இருந்தாலும் வரிசையை மாற்றுங்கள். முதலில் உடம்பு, அடுத்து பொருள், அதன் பின்னரே கோடு. இந்த வரிசையை நான் கண்டுபிடிக்கவில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் இதே ஜேர்மனியில், வைமார் நகரில் அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

வால்டர் குரோப்பியஸ் 1919 ஏப்ரலில் வைமாரில் பௌஹவுஸ் கலைப்பள்ளியைத் தொடங்கினார். இன்று பௌஹவுஸ் என்றால் கண்ணாடிச் சுவர்க் கட்டடங்களும் எஃகுக் குழாய்க் கதிரைகளும்தான் நினைவுக்கு வரும். அங்கே சேர்ந்த மாணவர் முதலில் படித்தது வேறு. யொஹன்னஸ் இட்டன் என்ற சுவிஸ் நாட்டு ஆசிரியர் நடத்திய ஆறுமாத ஆரம்பப் பயிற்சியைக் கடந்துதான் அவர்கள் மற்றப் பட்டறைகளுக்குள் போக முடிந்தது. அவர் பேர்ண் நகரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராகப் பயிற்சி பெற்றவர். ஃப்ரோபெலின் சிந்தனை அவருக்குப் பழக்கமானது. ஃப்ரோபெல்தான் வைமாரிலிருந்து அதிக தூரமில்லாத பாட் பிளாங்கன்பேர்க்கில் 1840 இல் கிண்டர்கார்டன் என்ற பெயரை உலகுக்குக் கொடுத்தவர். கையால் தொட்டு, உருட்டி, அடுக்கிக் கற்கும் சிறுபிள்ளைக் கல்வியை இட்டன் வளர்ந்தவர்களின் வகுப்புக்குள் கொண்டுவந்தார். முதலாம் உலகப்போரிலிருந்து திரும்பியவர்களும் அந்த மாணவர்களில் இருந்தார்கள்.

வகுப்பு மூச்சுப் பயிற்சியோடு தொடங்கும். பிறகு கைகால் தளர்த்தல். பிறகு கையை வீசி வட்டம், இரண்டு கையாலும் வட்டம், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் வட்டம். அதன் பிறகே கரித்துண்டு. அதே பள்ளியில் கெர்ட்ரூட் குரூனோவ் என்ற இசை ஆசிரியையும் இருந்தார். கண்ணை மூடி ஒரு நிறத்தை நினை, அந்த நிறம் உன் உடம்பை எப்படி நிற்க வைக்கிறது, எந்தப் பக்கம் நகர்த்துகிறது என்று பார் என்பதுதான் அவருடைய பாடத்தின் சாரம். ஒலி, நிறம், அசைவு மூன்றையும் ஒருவருக்குள் சமநிலைக்குக் கொண்டுவருவது அவர் நோக்கம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இட்டன் மஸ்டஸ்னான் என்ற மத இயக்கத்தைச் சேர்ந்தவர். அதன் நோன்பையும் உணவு விதிகளையும் மாணவர் மத்தியில் பரப்பினார். அந்த இயக்கத்தில் ஆரிய இன மேன்மை பற்றிய நச்சுக் கருத்துகளும் இருந்தன. குரோப்பியஸோடு பிணக்கு முற்றி 1923 வசந்தத்தில் அவர் பள்ளியை விட்டுப் போனார். அவருடைய பயிற்சிகளை நாம் எடுத்துக்கொள்ளலாம். அந்த மதத்தை எடுக்கத் தேவையில்லை. பயிற்சி அது இல்லாமலே வேலை செய்கிறது. அதற்கான சான்று இந்த அத்தியாயத்தின் கடைசியில் வருகிறது.

இனி அறையை ஆயத்தப்படுத்துங்கள்.

மேசைகளைச் சுவரோரம் தள்ளுங்கள். பௌமார்க்ட் என்கிற கட்டடப் பொருட்கடையில் சுவர்க் கடதாசிச் சுருள் மலிவாகக் கிடைக்கும். அதன் பின்பக்கம் கீறுவதற்கு அருமையானது. ஆளுக்கு ஒரு மீற்றர் நீளம் வெட்டி, பிள்ளையின் நெஞ்சு உயரத்தில் சுவரில் ஒட்டுங்கள். பென்சில், அழிறப்பர், ரூளர் மூன்றையும் ஒரு பெட்டியில் போட்டு மூடிவிடுங்கள். கரித்துண்டும் மெழுகுக் கட்டியும் போதும். கரி உடுப்பில் பிடிக்கும் என்று பெற்றோருக்கு முதலே சொல்லி, தகப்பன்மாரின் பழைய சேட்டுகளைக் கொண்டுவரச் செய்யுங்கள். ஊத்தையாகிவிடுமே என்ற பயம் இருக்கும்வரை கை திறக்காது.

முதல் ஐந்து நிமிடம் மூச்சும் தளர்வும். தோளைக் காதுவரை தூக்கி, பிடித்து, பொத்தென்று விடச் சொல்லுங்கள். மூன்று தரம். பிறகு காற்றிலே வட்டம். மெதுவாக, பெரிதாக, தோளிலிருந்து. நம் பிள்ளைகளில் அநேகமானோர் மணிக்கட்டால்தான் கீறுவார்கள், எழுதிப் பழகிய கை அல்லவா. அந்தக் கையைத் தோளோடு மீண்டும் இணைக்க வேண்டும். கோலம் போடுகிற ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். இடுப்பு வளைந்து, முழங்கால் நகர்ந்து, முழு உடம்பும் கோட்டின் பின்னாலே போகும். சிக்குக் கோலத்தின் கோடு அவ்வளவு தளராமல் ஓடுவதற்குக் காரணம் விரலின் திறமை மட்டுமில்லை. வட்டம் உடம்பில் ஏறியதும், கையில் கரியைக் கொடுங்கள். தாளில் அதே வட்டம், நிறுத்தாமல் இருபது சுற்று. வலது கை, பிறகு இடது கை, பிறகு இரண்டும் சேர்ந்து. வட்டம் வட்டமாக வராது. அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதீர்கள்.

அடுத்தது தாளம். ஹெல்லராவ் என்ற டிரெஸ்டன் புறநகரில் 1911 இல் எமீல் ஜாக்-டால்க்ரோஸ் தொடங்கிய பயிற்சி நிலையத்தில் இசையை உடம்பால் கற்றுக்கொடுத்தார்கள். அங்கே படித்த மேரி விக்மன் 1920 இல் டிரெஸ்டனில் தன் நடனப் பள்ளியைத் திறந்தார். அவருடைய நடனங்கள் பல பறையும் சேகண்டியும் மட்டும் ஒலிக்க ஆடப்பட்டவை. சில ஒலியே இல்லாமல். 1926 இல் அவர் புதிதாக அமைத்த சூனியக்காரி நடனத்தின் ஒரு பகுதி படச்சுருளில் இருக்கிறது. முகமூடி போட்டுத் தரையில் உட்கார்ந்தபடியே ஆடுகிறார். முழங்காலை இறுகப் பிடித்த விரல்கள், நிலத்தில் அடிக்கும் பாதம், திடீரென்று ஒரு திருப்பம். முகம் மறைந்திருப்பதால் அச்சம் முழுவதும் கைக்கும் முதுகுக்கும் போய்விடுகிறது. அபிநயத்தில் முகத்தையே பெரிதும் நம்பப் பழகிய பரதப் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தை நான் கட்டாயம் காட்டுவேன். பார்த்த பிறகு ஒரு துணியால் முகத்தை மறைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடி, பத்து எண்ணும்வரை முதுகால் மட்டும் கதைக்கச் சொல்லுங்கள். சிரிப்பார்கள். மூன்றாவது தரம் சிரிப்பு நின்றுவிடும்.

இப்போதுதான் உணர்ச்சிக்கு வருகிறோம். அப்போதும் அதன் பெயரைச் சொல்லாதீர்கள். உடம்புக்கு ஒரு வேலை கொடுங்கள்.

"மழையில் நனைந்த புத்தகப்பை. லிஃப்ட் பழுது. நாலு மாடி ஏறு." அறையைச் சுற்றி ஒரு நிமிடம் நடக்கட்டும். நடந்து முடிந்த கையோடு, கதைக்காமல், சுவரில் ஒட்டிய தாளுக்குப் போய் அந்த நடையை அரை நிமிடத்தில் கீற வேண்டும். மாடிப்படியைக் கீறக் கூடாது; பையைக் கீறக் கூடாது; பொருள் எதுவும் வேண்டாம். கரி எப்படி அழுந்துகிறது, எங்கே நிற்கிறது, அவ்வளவுதான். பிறகு வேறு தாள். "உள்ளே யாரோ பூட்டிய கதவு. தள்ளு." உள்ளங்கையால் சுவரைத் தள்ளச் செய்து, அதே பலத்தோடு கீற விடுங்கள். பிறகு மூன்றாவது. "விமான நிலையத்தில் கூட்டத்துக்குள் உனக்குத் தெரிந்த முகம்." பாதி அடி எட்டி வைத்ததுமே எல்லாப் பிள்ளைகளின் குதிக்காலும் தரையை விட்டு எழும்பிவிடும். தாளிலும் கோடு மேலே எழும்பும்.

மூன்று தாள்களையும் பக்கம் பக்கமாக வையுங்கள். ஒரே பிள்ளையின் மூன்று கோடுகள், மூன்று பேர் கீறியவை போல இருக்கும். எது எந்த நடை என்று மற்றப் பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பொருளுக்கு ஒரு முழு வகுப்பை ஒதுக்குங்கள். இதில்தான் எனக்கு ஆசை அதிகம்.

இட்டனின் மாணவர்கள் பட்டறைக் கழிவுகளையும் குப்பைகளையும் தேடித் திரிந்தார்கள்: மரப்பட்டை, கம்பி, கண்ணாடி, கம்பளி, தகரம், தோல். அவற்றை வரிசையாக வைத்து, கண்ணை மூடி, விரல் நுனியால் தடவிப் பழகினார்கள். சொரசொரப்பு, வழவழப்பு, பாரம், இலகு, மென்மை, கடினம் என்று எதிரெதிரான தன்மைகளைச் சேர்த்துக் கட்டி உருவங்கள் செய்தார்கள். கை உணர்ந்ததைப் பிறகு தாளில் கீறினார்கள். கண் முதலில் வந்தால் கை சோம்பிவிடும் என்பது அனுபவம்.

உங்கள் பைக்குள் என்ன போடலாம்? அரத்தாள், பஞ்சு, தேங்காய்த் தும்பு, சிரட்டை, அரிசிச் சாக்கின் ஒரு துண்டு, பனையோலை கிடைத்தால் ஓர் ஈர்க்கு, போத்தல் மூடி, பழைய காஞ்சிபுரம் சீலையின் கரை, குமிழ்ப் பிளாஸ்டிக், காய்ந்த தோடம்பழத் தோல். துணிப்பைக்குள் கையை விட்டு, பார்க்காமல், ஒரு பொருளை இரண்டு நிமிடம் தொட்டுக்கொண்டே மற்றக் கையால் கீறச் சொல்லுங்கள். பொருளின் வடிவம் வேண்டாம். விரலுக்கு அது என்ன செய்கிறது என்பதுதான் வேண்டும். அடுத்து ஒரு கனமான அட்டை கொடுத்து, பையிலிருந்து இரண்டே இரண்டு பொருளைத் தெரிந்து ஒட்டச் சொல்லுங்கள்: ஒன்று நீ இருக்க விரும்பும் இடம், மற்றது விரும்பாத இடம். பதினொரு வயதுப் பெடியன் ஒருவன் அரத்தாளையும் பஞ்சையும் ஒட்டினான். பஞ்சை அட்டையின் ஓரத்தில் மிகச் சிறிதாக, அரத்தாளை மிச்ச இடம் முழுவதும். "இது பள்ளிக்கூடம், இது அம்மாவின்ர கட்டில்" என்றான். முகம் கீறச் சொல்லியிருந்தால் அவனிடமிருந்தும் மஞ்சள் வட்டம்தான் வந்திருக்கும்.

ஹைடல்பேர்க் போகும் வாய்ப்புக் கிடைத்தால் பிரின்ஸ்ஹோர்ன் சேகரிப்பைப் பாருங்கள். ஹான்ஸ் பிரின்ஸ்ஹோர்ன் என்ற மருத்துவர் முதலாம் உலகப்போருக்குப் பிந்திய ஆண்டுகளில் மனநல விடுதிகளில் இருந்தவர்களின் ஆயிரக்கணக்கான படைப்புகளை அங்கே சேர்த்து, 1922 இல் அவை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவற்றுள் ஒரு சட்டை இருக்கிறது. அக்னெஸ் றிக்டர் என்ற தையல்காரப் பெண், தான் அடைக்கப்பட்டிருந்த விடுதியின் சாம்பல் நிறத் துணியில் 1895 இல் அதைத் தைத்தார். உள்ளும் புறமும் நூலால் எழுத்து. பல வரிகளை இன்று யாராலும் வாசிக்க முடியாது. ஜேர்மன் மொழியில் 'நான்', 'என்' என்று வருகிற இடங்கள் தெரிகின்றன. சில எழுத்துகள் தோலில் படுகிற உட்பக்கத்தில் இருக்கின்றன. தனக்கென்று ஒன்றுமில்லாத ஒருத்தி, தனக்குக் கொடுக்கப்பட்ட துணியிலேயே தன்னைத் தைத்து வைத்திருக்கிறார். ஊசியும் நூலும் உணர்ச்சிக்குப் போதுமா என்று கேட்கும் தாய்மாரிடம் நான் சொல்வது அந்தச் சட்டையைத்தான். நம் தாய்மார் தையல் தெரிந்தவர்கள். பழைய உடுப்பு ஒன்றை எடுத்து, ஒரே நிற நூலால், எந்தக் கோலமும் போடாமல், அந்த நாளின் மனநிலைக்கு ஏற்ப ஓட்டுத் தையல் மட்டும் போட்டுப் பாருங்கள். நெருக்கமான தையலும் தளர்ந்த தையலும் தாமாகவே தெரியும்.

இதே சேகரிப்பிலிருந்து எச்சரிக்கை ஒன்றும் உண்டு. நாஜிகள் அதிலிருந்த படங்கள் சிலவற்றை எடுத்து, நவீன ஓவியர்களின் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி, இரண்டுமே நோய் என்று இழிவுபடுத்தினார்கள். ஒருவரின் கோட்டைப் பார்த்து அவர் இன்னார் என்று முத்திரை குத்துவது அவ்வளவு ஆபத்தானது. ஒரு பிள்ளை கறுப்பை அதிகம் பாவித்தால் கறுப்பு மெழுகுக் கட்டிதான் கூர்மையாக இருந்தது என்பதும் காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது படி கோடு: கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளுக்குத் திரும்பி அதைக் கீறுவது. இட்டன் இதற்கு ஒரு முட்செடியை எடுத்துக் காட்டினார். டிஸ்டல் என்று இங்கே சொல்வார்கள். தண்டவாளங்களின் ஓரத்தில் ஊதாப் பூவோடு நிற்கும். முள்ளின் கூர்மையை உடம்பில் உணராமல் அதன் வெளிவடிவத்தை மட்டும் பார்த்துக் கீறினால் அது முட்செடி ஆகாது என்பது அவர் கொள்கை. கையுறை போட்டு ஒரு செடியை வெட்டி வாருங்கள். முதலில் ஒவ்வொருவரும் விரல் நுனியால் ஒரு முள்ளைத் தொடட்டும். கை வெடுக்கென்று பின்வாங்கும். அந்த வெடுக்கு இருக்கிறதே, அதைக் காற்றில் ஐந்து தரம் செய்து காட்டச் சொல்லி, பிறகு கீற விடுங்கள். தாளில் முள் வரும். ஊரில் இருக்கிறவர்களுக்கு நெருஞ்சி போதும்.

அதே ஆசிரியர் சறுக்கிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன், நமக்கு அதுவும் பாடம். ஒரு நாள் அவர் போரைக் கீறச் சொன்னார் என்று மாணவர் ஒருவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். போர்க்களத்தில் காயப்பட்டுத் திரும்பிய ஒருவர் பதுங்குகுழி, முட்கம்பி என்று நுணுக்கமாகக் கீறினார். போருக்கே போகாத இளையவர் ஒருவர் கரியை முட்டியில் பிடித்துச் சில நொடிகளில் தாளைக் குத்திக் கிழித்தார். இட்டன் இரண்டாவதைத் தூக்கிக் காட்டி, போரை உண்மையிலேயே அனுபவித்தவன் கீறியது இதுதான் என்றும், முதலாவது அனுபவமில்லாதவனின் கற்பனை என்றும் தீர்ப்புச் சொன்னார்.

எத்தனையோ தரம் இதை நினைத்திருக்கிறேன். குத்திக் கிழிப்பது ஆழம், பொறுமையாகக் கீறுவது மேலோட்டம் என்ற எண்ணம் இந்தப் பயிற்சிகளைச் செய்விக்கும் எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. போரைக் கண்டவருக்குச் சில வேளை ஒவ்வொரு முட்கம்பியையும் எண்ணி வைக்கத்தான் தேவை இருக்கும். வன்னியிலிருந்து வந்த ஒரு தாத்தா, எங்கள் முதியோர் பின்னேரத்தில், தான் விட்டுவந்த வீட்டின் கிணற்றை அளவெடுத்தது போலக் கீறினார். கட்டின் ஒவ்வொரு கல்லும் இருந்தது. கப்பியும் கயிறும் இருந்தன. அந்தக் கோட்டில் ஒரு நடுக்கமும் இல்லை. அதைக் கீற அவருக்கு இரண்டு மாதம் எடுத்தது. அந்த இரண்டு மாதமும் அவர் எவரோடும் கதைக்கவில்லை. அசைவு ஒரு வாசல். அந்த வாசலால் வரமாட்டேன் என்பவரை இழுக்காதீர்கள்.

இன்னொரு நாள் இட்டன் குரூனவால்ட் என்ற பழைய ஓவியரின் படத்தில் அழுதுகொண்டிருக்கும் மக்தலேனாவைத் திரையில் காட்டி, அதன் சாரத்தைக் கீறச் சொன்னாராம். மாணவர் தடுமாறினார்கள். உணர்வுள்ளவர்களாக இருந்தால் இதற்கு முன்னால் கீறாமல் அழுதுகொண்டல்லவா இருப்பீர்கள் என்று கடிந்து, கதவை அறைந்துவிட்டு வெளியேறினார் என்று அதே பள்ளியின் ஆசிரியர் ஓஸ்கார் ஷ்லெம்மர் 1921 இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். கதவை அறைந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் சொன்னது சரி. அழுகை வந்தால் கரியைக் கீழே வைக்க விடுங்கள். பக்கத்தில் இருங்கள். தண்ணீர் கொடுங்கள்.

வளர்ந்தவர்களுக்கு இது சரிவருமா என்று கேட்பார்கள். வூப்பர்ட்டாலில் பினா பௌஷ் தன் நடனக் குழுவை வளர்த்த முறையே ஆடுபவர்களிடம் கேள்வி கேட்டு, அவர்கள் அசைவால் தரும் பதிலிலிருந்து நாடகம் கட்டுவதுதான். அவருடைய 'கொன்டாக்ட்ஹோஃப்' 2000 இல் 65 வயதைத் தாண்டிய, தொழில்முறை நடனம் பழகாத நகரவாசிகளோடு மீண்டும் மேடையேறியது. முழங்கால் நோகிறவர்கள் கதிரையில் உட்கார்ந்தே செய்யலாம்.

அந்த மதம் இல்லாமலே பயிற்சி வேலை செய்கிறது என்பதற்குச் சான்று வரும் என்றேன். அதற்காக இப்போது ஃப்ரீடல் என்ற பெண்ணிடம் வருகிறேன்.

ஃப்ரீடல் டிக்கர் 1898 இல் வியன்னாவில் பிறந்த யூதப் பெண். வியன்னாவில் இட்டனிடம் படித்து, அவர் வைமாருக்குப் போனபோது பின்தொடர்ந்து போய் 1923 வரை பௌஹவுஸில் இருந்தார். 1942 டிசம்பரில் நாஜிகள் அவரையும் கணவரையும் டெரெசின் முகாமுக்கு அனுப்பினார்கள். கொண்டுபோக அனுமதித்த சிறு பொதியில் அவர் கடதாசியும் வர்ணமும் எடுத்துப் போனார். முகாமில் பெற்றோரைப் பிரிந்து நெருக்கமான அறைகளில் கிடந்த பிள்ளைகளுக்கு, இருபது ஆண்டுகளுக்கு முன் வைமாரில் தான் செய்த அதே மூச்சு, அதே தாளம், அதே பொருட்பயிற்சி. அலுவலகப் படிவங்களின் பின்பக்கத்தில் கீறினார்கள். கிழிந்த தாள்களை வெட்டி ஒட்டினார்கள். மேசையில் தட்டும் தாளத்துக்குக் கை ஓடியது. முகாமைக் கீறு, பயத்தைக் கீறு என்று அவர் கேட்கவில்லை. பிள்ளைகள் வீட்டையும் பூக்களையும் வண்ணத்துப்பூச்சியையும் கீறினார்கள். சிலர் மூன்றடுக்குக் கட்டிலையும் கீறினார்கள். 1943 இல் முகாமுக்குள்ளேயே பிள்ளைகளின் படங்கள் பற்றி ஓர் உரையும் நிகழ்த்தினார். 1944 ஒக்டோபரில் அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரிடம் படித்த பிள்ளைகளில் பெரும்பாலானோரும் கொல்லப்பட்டார்கள்.

பிராகில் அவரிடம் கற்ற ஈடித் கிரேமர் 1938 இல் நியூயோர்க் போய்த் தப்பினார். பின்னாளில் ஓவிய வழிச் சிகிச்சை என்ற துறையைக் கட்டியவர்களில் ஒருவரானார். ஆகவே இன்று மருத்துவமனைகளில் நடக்கும் ஓவிய சிகிச்சைக்கும் நாம் சுவரில் ஒட்டும் தாளுக்கும் தாய்வழிச் சொந்தம் இருக்கிறது. ஆனால் நாம் சிகிச்சையாளர்கள் இல்லை. பிள்ளை திரும்பத் திரும்பத் தன்னைக் காயப்படுத்துவதைக் கீறினாலோ, வீட்டில் அடி விழுவதைச் சொன்னாலோ, நித்திரை சாப்பாடு இல்லாமல் வாடினாலோ, பிள்ளை மருத்துவரிடமும் பாடசாலை உளவியலாளரிடமும் கொண்டுபோக வேண்டும். பிள்ளைகள் தாங்களே பெயர் சொல்லாமல் இலவசமாகக் கதைப்பதற்கு ஜேர்மனி முழுவதும் 116111 என்ற இலக்கம் இருக்கிறது. அதை வகுப்பறைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

வகுப்பு முடிவில் என்ன கேட்பது? "இது என்ன?" என்று கேட்காதீர்கள். "வடிவாக இருக்கு" என்றும் சொல்லாதீர்கள்; அடுத்த கிழமை அந்தப் பிள்ளை வடிவுக்காகக் கீறத் தொடங்கிவிடும். கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள்: "இந்த இடத்தில நல்லா அழுத்தியிருக்கிறாய்." "இந்தக் கோடு ஓரத்துக்கு வந்து நிண்டிட்டுது." சொல்லிவிட்டுக் காத்திருங்கள். கதைக்க விருப்பமுள்ளவர் கதைப்பார். தாளை வீட்டுக்குக் கொண்டுபோவதா, வகுப்பில் வைப்பதா, கிழிப்பதா என்பதும் பிள்ளையின் விருப்பம்.

பென்சில் சீவிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைக்கு நான் நனைந்த புத்தகப்பை நடையைச் சொன்னது அடுத்த ஆண்டுதான். அவள் மற்றவர்களை விட மெதுவாக நடந்தாள். பிறகு தாளின் மேல் விளிம்பில் கரியை வைத்துக் கீழே ஒரே கோடு இழுத்தாள். மறுபடி அதே கோட்டின் மேலேயே. மறுபடியும். கரி இரண்டு தரம் உடைந்தது. கடைசியில் கடதாசி கிழிந்தது. "கிழிஞ்சு போச்சு ரீச்சர்" என்றாள், ஏச்சு விழும் என்ற பயத்தோடு. பின்னால் இன்னொரு தாளை ஒட்டிக் கொடுத்தேன். கிழிந்த இடத்தின் மேலாலே இன்னும் கொஞ்ச நேரம் கீறினாள். என்ன ஏது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கை கழுவும்போது மற்றப் பிள்ளைகளோடு தண்ணீர் தெளித்து விளையாடினாள்.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. ஃப்ரீடல் தன் வகுப்பில் பிள்ளைகளைக் கொண்டு படங்களில் அவரவர் பெயரை எழுதுவித்தார். அவர் முகாமிலிருந்து கொண்டுசெல்லப்படுமுன் ஏறத்தாழ 4,500 படங்கள் இரண்டு பெட்டிகளில் ஒளித்து வைக்கப்பட்டன. 1945 இல் போர் முடிந்தபின் அவை பிராக் நகருக்கு வந்து சேர்ந்தன. இன்று அங்குள்ள யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. யார் கீறியது என்று பல படங்களுக்கு இன்று சொல்ல முடிவது அந்தப் பெயர்களால்தான். நீங்களும் ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் பெயரையும் திகதியையும் பிள்ளையின் கையாலேயே எழுதுவியுங்கள்.